மாவட்டத்தில் முதலிடம் பெற்றால் ஒலிம்பிக் அணியில் இடம் உண்டா?

கிருஷ்ணகிரி மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்த உங்கள் மகள் நேராக இந்திய ஒலிம்பிக் அணியில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக முடியாது, ஆனால் வழி திறந்தே இருக்கிறது.

தடகளத்தில் இடம் தருவது முதலில் கடிகாரம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டருக்குத் தகுதி நேரம் 50.95 வினாடி. இந்திய வீராங்கனை கிரண் பஹல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 50.92 வினாடியில் ஓடி அந்த இடத்தைப் பிடித்தார். வெறும் 0.03 வினாடி வித்தியாசம்! அதை எட்டாதவர்களுக்கு உலகத் தரவரிசை இன்னொரு வாசல். தனிநபர் ஓட்டத்தில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூவர். அணியை அனுப்புவது இந்திய ஒலிம்பிக் சங்கம்.

மகளின் பதக்கத்தைவிட அவள் ஓடிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கையால் அளந்த நேரம் தகுதிக்குச் செல்லாது. மின்னணுக் கடிகாரம் உள்ள மாநில, தேசிய ஜூனியர் போட்டிகளில் ஓட விடுங்கள்.