சொக்லேற் பெல்ற்றும் லூசியும்

கேள்வி: போன இதழில் லூசில் போல் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். முகத்தைக் கோணிக் கோணிச் சிரிப்புக் காட்டியதைத் தவிர அவர் என்ன செய்தார்? எல்லாம் புருசன் போட்டுக்கொடுத்த பாதைதானே? எங்கள் சனத்துக்கு அவர் எதற்கு?
- வாசகர் ஒருவர், பரந்தன்

பதில்: கண்ணாடிக்கு முன் நின்று நீங்களும் ஒருக்கால் கோணிப் பாருங்கள் அண்ணை. வீட்டில் யாராவது சிரித்தால் எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.

லூசில் போலின் 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடர் 1951 ஒக்ரோபரில் தொடங்கியபோது அவருக்கு 40 வயது. சினிமா நடிகைகளை வீட்டுக்கு அனுப்புகிற வயது. அடுத்த ஆண்டு வந்த ஒரு பகுதியில் லூசியும் சிநேகிதியும் சொக்லேற் ஆலையில் வேலைக்குச் சேர்கிறார்கள். பெல்ற்றில் வருவதை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும். முதலில் ஆறுதலாக வருகிறது. அப்புறம் வேகம் பிடிக்கிறது. சுற்ற முடியாததை வாயில் அடைக்கிறார், தொப்பிக்குள் போடுகிறார், சட்டைக்குள் தள்ளுகிறார். மேற்பார்வைக்காரி வந்து வெறும் பெல்ற்றைப் பார்த்து மெச்சிவிட்டு, இன்னும் வேகமாக விடச் சொல்லிக் கத்துகிறாள். இரண்டு கன்னமும் உப்பியபடி லூசி முழிக்கிற முழி இருக்கிறதே! விடியப்புறம் பஸ் பிடித்து அறிவியல்நகர் காமென்ற்ஸுக்குப் போய், மணிக்கு இத்தனை என்ற இலக்கோடு மல்லுக்கட்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

புருசன் விசயத்துக்கு வருவோம். தேசி ஆர்னாஸ் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. சனத்தை முன்னால் இருத்தி, மூன்று கமரா வைத்துப் படச்சுருளில் எடுத்தது அவரும் ஒளிப்பதிவாளர் கார்ல் பிரொய்ண்டும் போட்ட திட்டம். ஆனால் தேசி மாதிரி ஒரு கியூபாக்காரனை அமெரிக்கப் பெண்ணுக்குப் புருசனாகக் காட்டினால் எடுபடாது என்று சிபிஎஸ் தொலைக்காட்சி இழுத்தடித்தபோது, அவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது லூசி. பாதையை யார் யாருக்குப் போட்டார்கள்? 1960இல் விவாகரத்து. 1962இல் தேசியின் பங்கையும் வாங்கி டெசிலு ஸ்ரூடியோவுக்குத் தலைவியானார். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் அங்கே எடுக்கப்பட்டதுதான்.

வயிற்றில் பிள்ளையோடும் நடித்தார். 'கர்ப்பம்' என்ற சொல்லுக்குத் தொலைக்காட்சியில் தடை. (நாங்கள் மட்டும் என்ன, 'முழுகாமல் இருக்கிறா' என்று சுற்றி வளைக்கிற ஆட்கள்தானே.) கதையில் லூசிக்குப் பிள்ளை பிறந்த பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது, அன்றைக்கே அவருக்கு நிசமாகவும் மகன் பிறந்தான். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட லூசியைப் பார்த்தவர்கள் அதிகம்.

எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். 1986இல், 75 வயதில் நடித்த 'லைஃப் வித் லூசி' எட்டுப் பகுதியோடு நிறுத்தப்பட்டது. அந்த வயதில் அவர் விழுந்தெழும்புவதைப் பார்க்கச் சிரிப்பு வராது, பயம்தான் வரும்.

ஆனால் பழையது படச்சுருளில் இருந்ததால் இன்றைக்கும் நறுக்கென்று தெரிகிறது. எங்கள் கூத்தில் பெண்வேடத்தையும் ஆம்பிளையே கட்டினான். சேலைத் தலைப்பைச் செருகினாலே சனம் சிரித்தது. பிறகு மேடையேறிச் சிரிக்க வைத்த எங்கள் பெண்களை யார் படம் பிடித்தார்கள்? பிடித்ததும் எங்கே? இடம்பெயரும்போது பானை சட்டியைத் தூக்கினோம், வீடியோ கசற்றையா தூக்கினோம்?

இரண்டு பக்கம் வீண் என்கிறீர்கள். அதே இதழில் ராசிபலனுக்கு நாலு பக்கம் போயிருந்தது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.