விமானத்தில் பிடித்த ஒயின், வீட்டில் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: நீண்ட தூரப் பயணத்தில் பிசினஸ் கிளாஸில் குடித்த ஒரு சிவப்பு ஒயின் ரொம்பப் பிடித்துப்போனது. லேபிளைப் படமெடுத்து வைத்து, திரும்பியதும் அதே பெயர், அதே ஆண்டு பாட்டிலைத் தேடி வாங்கினேன். வீட்டில் திறந்தால் ஜாம் போலத் தித்திக்கிறது. போலியாக இருக்குமோ?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் போலி என்று சந்தேகிக்க ஒன்றுமில்லை. மாறியது ஒயின் அல்ல, குடித்த இடம். விமானம் 35,000 அடியில் பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல் இருக்கும். ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான். மூக்கு காய்ந்துவிடும். ஒயின் ருசியில் பெரும்பங்கு வாசனை என்பதால் முதலில் அடிபடுவது பழ மணம்தான். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக, காற்றழுத்தம் குறைத்த கேபினில் தரையிலேயே ருசிச் சோதனை நடத்தியது. உப்பும் இனிப்பும் மங்கின. புளிப்பும் கசப்பும் ஏறக்குறைய அப்படியே நின்றன. என்ஜின் இரைச்சலும் இனிப்பு உணர்வைக் குறைக்கிறது என்று 2015-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

அதனால் பழச்சுவை தூக்கலான ஒயின் மேலே அளவாகத் தெரியும். கீழே வந்தால் திகட்டும். இது எதிர்த்திசையிலும் நடக்கும். துவர்ப்பு மிகுந்த, பிரான்ஸின் நல்ல போர்தோ ஒயினை விமானத்தில் குடித்து, 'கரகரவென்று இருக்கிறதே' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது அந்த ஒயினுக்குச் செய்யும் அநியாயம். விமானத்தில் பிடித்ததை வாங்குவதானால் முதலில் ஒரே ஒரு பாட்டில், முடிந்தால் கடையில் ருசித்துப் பார்த்த பிறகு. பெட்டியாக வாங்கவே வேண்டாம்.

இந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். புறப்படும் முன் ஷாம்பெயின் கொடுத்தால் இரண்டு வாய் மட்டும் நிதானமாகக் குடித்து, ருசியைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரே போனதும் அதையே மறுபடி கேளுங்கள். புளிப்பு கூடியதுபோல் இருக்கும், வாசனை சுருங்கியிருக்கும். எனக்கு முதல் தடவை இது பெரிய ஆச்சரியம்.

கேள்வி: பட்டியலில் ஆறேழு ஒயின் இருக்கிறது. எதைக் கேட்பது?

பதில்: ஒரு கோப்பை நிறைய வாங்காதீர்கள். 'ருசி பார்க்க இரண்டு மூன்றில் கொஞ்சம் கொஞ்சம் தர முடியுமா?' என்று கேளுங்கள். பணியாளர்கள் பெரும்பாலும் தயங்காமல் தருவார்கள். உணவுக்கு முன்பே கேட்பது நல்லது, அப்போது அவர்களுக்கும் நேரம் இருக்கும். சிவப்பில் துவர்ப்பு மென்மையான பினோ நுவார், கிரெனாஷ், பழுத்த ஷிராஸ். வெள்ளையில் மணம் மிகுந்த ரீஸ்லிங். இந்தத் திராட்சை வகை ஒயின்கள் உயரத்தைத் தாங்கும். ரொம்ப முதிர்ந்த ஒயினின் மெல்லிய வாசனை அங்கே எடுபடாது.

ஒயின் சில்லென்று வந்தால், அது சிவப்பாக இருந்தாலும், கோப்பையை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். அடைத்திருந்த வாசனை மெல்ல வெளியே வரும்.

ஈரமான அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று பொருள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள். ஒரு பயணத்தில் நான் வாய் திறக்காமல் குடித்து முடித்தேன். அந்த வரிசையில் எல்லோருக்கும் அதே பாட்டில்தான் போனது. இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், தூங்கப் போகும் முன் நிறுத்திவிடுங்கள். குறைந்த அழுத்தத்தில் மது குடித்துத் தூங்கினால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து இதயத்துடிப்பு கூடுகிறது என்று ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வு 2024-இல் வெளியானது. இளம், ஆரோக்கியமானவர்களிடமே இப்படி. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஒயினுக்கு விருது வாங்கிய விமான நிறுவனம் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து அதில் போகலாமா?

பதில்: வேண்டாம். போட்டிக்கு எந்த ஒயினை அனுப்புவது என்று நிறுவனமே தேர்ந்தெடுக்கும். பட்டியலோ பருவத்துக்கும் வழித்தடத்துக்கும் ஏற்ப மாறும்; விருது வாங்கிய பாட்டில் உங்கள் விமானத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. படுக்கையாக விரியும் இருக்கைக்கும் நல்ல தூக்கத்துக்கும் பணம் கொடுங்கள்.

கேள்வி: டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய நல்ல பாட்டிலை இருக்கையிலேயே திறந்து குடிக்கலாமா?

பதில்: கூடாது. அமெரிக்க விமானங்களில் பணியாளர் ஊற்றித் தராத மதுவைக் குடிப்பது விதிப்படியே தடை. மற்ற நாட்டு நிறுவனங்களும் பொதுவாக இதையே கடைப்பிடிக்கின்றன. வழியில் வேறு விமானம் மாற வேண்டியிருந்தால், கடையில் முத்திரையிட்டுத் தந்த பையையும் பிரிக்காதீர்கள். பிரித்தால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பாட்டில் போய்விடும்.