ரப்பருக்காகவா வியட்நாம் போர்?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி மாணவன். வியட்நாம் போர் பற்றி நண்பர்களுக்குள் பெரிய சண்டை. கம்யூனிசத்தைத் தடுக்க அமெரிக்கா நடத்திய கொள்கைப் போர் அது என்கிறேன் நான். ரப்பருக்கும் தாதுவுக்கும் நடந்த கொள்ளை என்கிறான் ஒருவன். படையைத் திரும்ப அழைக்க நினைத்ததால்தான் கென்னடியைக் கொன்றார்கள் என்கிறான் இன்னொருவன். எது சரி? ஒரு வல்லரசு கடல் கடந்து போகிறதென்றால் சதுரங்கம் மாதிரி பத்து நகர்வு யோசித்துத்தானே போகும்?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

கென்னடியை விடுங்கள், அதற்குள் போனால் விடிந்துவிடும். என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி. சதுரங்கமாம், பத்து நகர்வாம்! வல்லரசுகளுக்கு இவ்வளவு மூளை இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது? அமெரிக்காவைத் திட்டுகிறவர்கள்கூட அதை மகா புத்திசாலியாக்கித்தான் திட்டுகிறார்கள்.

1964 மே 27 அன்று ஜனாதிபதி ஜான்சன் தொலைபேசியில் பேசியவை ஒலிப்பதிவாகவே இருக்கின்றன. பாதுகாப்பு ஆலோசகர் பண்டியிடம், அந்த இடத்துக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் வெளியே வரவும் முடியாது என்று புலம்புகிறார். அதே நாள் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலிடம், விட்டுவிட்டு ஓடிவந்தால் ஜனாதிபதியையே பதவிநீக்கம் செய்துவிடுவார்கள், இல்லையா என்று கேட்கிறார். இப்படிப் பேசிய மனிதர்தான் அடுத்த மார்ச்சில் டா நாங் கடற்கரையில் மரைன் படையை இறக்கினார்! 1969இல் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள். போர் முடிவதற்குள் செத்த அமெரிக்கர்கள் 58,000 பேருக்கு மேல், வியட்நாமியர்களின் சாவு பல லட்சம்.

அந்த மார்ச் மாதமே பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மக்நாட்டன் ஒரு குறிப்பு எழுதினார். எதற்காக அங்கே இருக்கிறோம் என்பதற்கு அவர் மளிகைக் கணக்கு மாதிரி பங்கு பிரித்திருக்கிறார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70 சதவீதம், தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் காக்க 20, அந்த மக்கள் நல்லபடியாக வாழ 10. நீங்கள் சொல்லும் கொள்கையெல்லாம் மீதி முப்பதுக்குள்தான் வருகிறது, தம்பி. எழுபது, மானம். அதுவும் வெளியுலகத்தின் முன்னால் மட்டுமில்லை, உள்ளூரிலும். 1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் மாவோ ஜெயித்ததும் ‘சீனாவைத் தொலைத்தது யார்’ என்று அன்றைய ஜனாதிபதி ட்ரூமனைப் போட்டுப் புரட்டி எடுத்தார்களே, அப்போது ஜான்சன் புது செனட்டர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அடுத்த நாட்டைத் தொலைத்தவன் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்ற பயம் அவருக்கு மட்டுமில்லை, ட்ரூமனுக்குப் பின் வந்த எல்லோருக்குமே இருந்தது.

ட்ரூமனையே பாருங்கள். 1946இல் வியட்நாமின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் உதவி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில்கூடப் போடாதவர், சீனா கைவிட்டுப் போன பிறகு, 1950இல், வியட்நாம் உள்ளிட்ட தன் காலனிகளைத் தக்கவைக்க பிரான்ஸ் நடத்திய இந்தோசீனப் போருக்குப் பணம் அனுப்ப ஆரம்பிக்கிறார்.

காரைக்காலில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அந்தச் சண்டைக்குப் போய்வந்தவர். மாதாமாதம் பிரெஞ்சு பென்ஷன் வரும், அன்றைக்குத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட். ‘தாத்தா, யாரோட சண்டை போட்டீங்க?’ என்று கேட்டால், ‘யாருக்குடா தெரியும், புதருக்குள்ள இருந்து சுட்டான், நாங்களும் சுட்டோம்’ என்பார். கம்யூனிசம் என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. 1954 வாக்கில் அந்தப் போர்ச் செலவில் ஏறக்குறைய முக்கால்வாசி அமெரிக்காவுடையது என்று நான் படித்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் வாங்கிய சம்பளத்திலும் வாஷிங்டன் காசு இருந்திருக்கும். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

சரி, ரப்பர். உங்கள் நண்பர் முழுக்கத் தப்பில்லை. 1954 ஏப்ரலில், ட்ரூமனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஐசனாவர் டோமினோ கதை (ஒரு நாடு கம்யூனிஸ்டானால் பக்கத்து நாடுகளும் வரிசையாகச் சரியும் என்பது) சொன்ன அதே பேட்டியில் வெள்ளீயம், டங்ஸ்டன், ரப்பர் எல்லாம் வருகின்றன. ஆனால் மக்நாட்டனின் 1965 கணக்கில் அவற்றுக்குத் தனிப் பங்கே இல்லை. அந்தக் குறிப்பு பென்டகன் ஆவணங்களில், அதாவது இந்தப் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ரகசியமாகத் தயாரித்த தொகுப்பில், இருக்கிறது, 2011 முதல் மொத்தத் தொகுப்பும் இணையத்தில் இலவசம். நண்பர்களோடு சண்டை போடுவதற்கு முன்னால் அதில் ஐம்பது பக்கமாவது படியுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்று மட்டும் எனக்குத் திருப்பி எழுதாதீர்கள்.