மயங்கி விழுந்ததற்காகப் படிப்பை மாற்றாதீர்கள்

காரைக்குடியிலிருந்து அப்பா, அம்மா, கூடவே பெரியப்பா, பெண்ணோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். பெண் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஆபரேஷன் தியேட்டரில் முதல் தடவையாக நின்று பார்த்தவள், வயிற்றைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மயங்கிச் சரிந்துவிட்டாள். அவ்வளவுதான், வீட்டில் கூடிப் பேசி முடிவே எடுத்துவிட்டார்கள்: நர்சிங் வேண்டாம், பூர்வீக வீட்டில் உள்ள பங்கை விற்றுவிட்டு வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம். "நர்ஸுன்னா மாப்பிள்ளை வீட்டுல யோசிக்கிறாங்க சார்" என்றார் பெரியப்பா.

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பங்கை விற்கும் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டேன். அண்ணே, தியேட்டரைப் பார்த்து மயங்கினாள் என்பதற்காக அதைவிட அதிகம் தியேட்டர் பார்க்க வேண்டிய படிப்பில் சேர்ப்பது என்ன கணக்கு? அதற்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும், பாப்பா நீட் எழுதவே இல்லை. அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அப்புறம் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து 300 கேள்வித் தேர்வில் 150 எடுத்தாக வேண்டும், அதன் பிறகு இங்கேயும் 12 மாதப் பயிற்சி. நடுவில் எங்கே தடுக்கினாலும் விற்ற பங்கு திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பெண்ணையே கேட்டேன். காலையில் சாப்பிடவில்லை. மாஸ்க்குக்குள் மூச்சு முட்ட, ஒரு மணி நேரம் காலை அசைக்காமல் நின்றிருக்கிறாள், திசு கருகும் வாடை வேறு. ரத்த அழுத்தம் இறங்கத்தான் செய்யும். எத்தனையோ மாணவர்களுக்கு முதல் நாளில் நடப்பதுதான். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கட்டும், கண் இருட்டினால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, கிருமி நீக்கிய கருவிகள் இருக்கும் ஸ்டெரைல் மேஜைப் பக்கம் சாயாமல், சுவரோரமாகத் தரையில் உட்காரட்டும். திரும்பத் திரும்ப மயக்கம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம்தான் அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒரு பெரியவரின் பாதப் புண்ணைப் பன்னிரண்டு நாளும் பென்சிலால் வரைந்திருக்கிறாள். பெயர் இல்லை, படுக்கை எண்கூட இல்லை. முதல் நாள் நீளம் 6 செ.மீ., அகலம் 4. மஞ்சள் கலர் பென்சிலால் தீட்டிய இடம் ஸ்லஃப், அதாவது செத்த திசு; சிவப்பு புதுச் சதை. கடைசிப் பக்கத்தில் 5-க்கு 3. "ஓரத்துல பாருங்க சார், ரோஸ் கலர்ல தோல் ஏறுது" என்றபோது அவள் முகத்தை நீங்கள் மூவருமே பார்க்கவில்லை, செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அரசுத் தேர்வு, வளைகுடா, ஜெர்மனி எல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்வது புண் பராமரிப்பும் ஸ்டோமா பராமரிப்பும். ஸ்டோமா என்றால் குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடும் வாய். அதில் பை மாட்டியவர்களுக்குத் தோல் வெந்துபோகாமல் பையை ஒட்டக் கற்றுக்கொடுக்கத் தனித் திறமை வேண்டும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் செவிலியருக்கென்றே இதற்குப் பயிற்சி உண்டு. முதலில் இந்தப் பட்டம், நர்சிங் கவுன்சில் பதிவு, இரண்டு வருடம் சர்ஜரி வார்டு. அதற்குப் பிறகு விண்ணப்பிக்கட்டும்.

நம்ம பக்கத்துக்கு இது எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலில் நடக்கிற ஊர் இது. சர்க்கரையால் உணர்ச்சி செத்த காலில் கொப்புளம் உடைந்தது தெரியாமலே நடக்கிறவர்கள் உண்டு. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டதும் இதைத்தான்: காலை நோய் தின்பதில்லை, வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் புண்ணாக்குகிறது. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்த்தால் உணர்ச்சி போனது முன்னாடியே தெரிந்துவிடும். புண் வந்த பிறகும் வீட்டில் காபித்தூள் வைத்து அப்பி, "காத்தாட விடு" என்பார்கள். மூடி ஈரப்பதம் காத்த புண்ணில்தான் தோல் வேகமாக ஏறுகிறது என்று 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் சோதித்துக் காட்டிவிட்டார். இதை ஒரு அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படாமல், தினமும் காலைப் பார்த்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் பெண் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை, அதற்காக ஒரு படிப்பைப் பாதியில் விடச் சொல்லவும் மாட்டேன். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். பங்குப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். பாப்பாவைத் திங்கட்கிழமை கல்லூரிக்கு அனுப்புங்கள், காலையில் நாலு இட்லி சாப்பிட வைத்து.