கேள்வி – பதில்: கடல் கடந்து கூடுவோர்

கேள்வி: வேலூரில் செவிலியர் பட்டம் பெற்ற என் மகள் இப்போது கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள். அங்கே புதிதாக வந்திறங்கும் பிலிப்பினோக்களுக்கு அவர்களுடைய ஆட்களே வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்து, குளிர்கால உடுப்பு வாங்கித் தந்து, வேலைக்கும் வழி சொல்கிறார்களாம். நம்மவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுவதோடு சரி என்று வருத்தப்படுகிறாள். அவர்களால் மட்டும் எப்படி முடிகிறது?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தங்கள் மகள் இருக்கும் ஊரிலேயே விடையில் பாதி இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வின்னிபெக்கின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் தையல் வேலைக்கென்று பிலிப்பைன்ஸிலிருந்து பெண்களை வரவழைத்தன. செவிலியர்களும் மருத்துவர்களும் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணம் 1998இல் தனக்கு வேண்டிய குடியேறிகளைத் தானே பரிந்துரைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏற்கெனவே அங்கு வேரூன்றியவர்களின் உறவினர்களுக்கு அது நல்ல வாசலாக அமைந்தது. அக்காள் தங்கையை அழைத்தாள், தங்கை கணவனின் தம்பியை அழைத்தாள். இப்படி வந்தவருக்கு விமான நிலையத்தில் காத்திருக்க ஓர் ஆள் எப்போதும் இருந்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைப் பிலிப்பினோ என்று பதிந்தவர்கள் கனடா முழுவதும் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் அமைப்பாகிவிடாது; மீதிப் பாதி வீட்டுப் பணிப்பெண்களின் கதை. 1992 முதல் 2014 வரை கனடாவில் நடைமுறையில் இருந்த ஒரு திட்டத்தின்படி, குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்க வரும் பெண், முதலாளியின் வீட்டிலேயே தங்கி 24 மாதம் வேலை செய்து முடித்த பிறகே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். வேலை அனுமதிச் சீட்டில் முதலாளியின் பெயரே குறிக்கப்பட்டிருக்கும். அவருடன் மனஸ்தாபம் ஏற்பட்டால் வேலையும் போகும், தலைக்கு மேல் கூரையும் போகும். வேலை நேரம் முடிந்த பிறகும் குழந்தை அழுதால் எழுந்து போகாமல் இருக்க முடியுமா?

இந்தப் பெண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, சனி, ஞாயிறுகளில் மட்டும் தங்குவதற்கென்று ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே சோறு சமைத்தார்கள், ஊருக்குப் பேசினார்கள், தரையில் வரிசையாகப் படுத்து உறங்கினார்கள். எந்த வேலை ஒப்பந்தத்தில் உள்ளது, எது இல்லை, கூடுதல் நேரத்துக்கு ஊதியம் கேட்க முடியுமா என்பதெல்லாம் புதிதாக வந்தவளுக்கு அங்கேதான் தெரியவந்தது. தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கி எப்போது முடிந்தது என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தைப் பணிப்பெண்களின் அமைப்புகள் வலியுறுத்தின. ஊதியத் தகராறு என்று வரும்போது கையில் இருந்த சான்று அந்த நோட்டுதான். முதலாளி வீட்டில் தங்கியே தீர வேண்டும் என்ற விதி நீங்க வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள்; 2014 நவம்பர் இறுதியில் அது நீங்கியது.

ஆகவே அவர்களுடைய சங்கம் தேவையிலிருந்து பிறந்தது. தேவை வந்தபோது தமிழரும் சளைத்தவர்கள் அல்லர். 1983க்குப் பிறகு டொராண்டோவுக்கு ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழர்கள் இதே போலத்தான் ஒருவரையொருவர் தாங்கி நின்றார்கள். சம்பளம் உறுதியான வேலையோடு தனித்தனிக் குடும்பமாகப் போய் இறங்குபவர்களுக்குத்தான் சங்கம் என்றால் விழா மேடையும் பொன்னாடையும் என்றாகிவிடுகிறது. தங்கள் மகள் பட்டம் பெற்ற செவிலியராக இருந்தும் உதவியாளராக இருக்கிறாள் அல்லவா? பிலிப்பைன்ஸில் செவிலியராகவும் ஆசிரியையாகவும் இருந்த பல பெண்கள் பணிப்பெண்களாகவே தேங்கிப்போனார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. அவள் அந்தப் பெண்களுடன் பேசத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: தம் நாட்டவரோடு மட்டுமே கூடிக்கொண்டிருந்தால், போன ஊரோடு ஒட்டாமல் போய்விடாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: போகலாம். பிலிப்பினோக்களிடமும் பிறந்த மாகாணத்துக்கு ஒரு சங்கம், அது உடைந்து இன்னொரு சங்கம், அழகிப் போட்டிக்கு யார் தலைமை தாங்குவது என்ற பூசல் எல்லாம் உண்டு. நமக்கு அந்நியமான நோய் அல்ல. ஆனால் கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் நடந்ததைப் பாருங்கள். 1965 செப்டம்பர் 8ஆம் தேதி, லாரி இட்லியாங் முன்னின்று நடத்திய தொழிற்சங்கத்தின் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஓர் இனத்தார் வேலையை நிறுத்தினால் மற்ற இனத்தாரைக் கொண்டுவந்து பறிப்பை முடித்துவிடுவது முதலாளிகளின் வழக்கம். இட்லியாங் நேரே மெக்சிகோ வழித் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் சீசர் சாவேஸைச் சந்தித்து, அவர்களையும் சேர அழைத்தார். எட்டு நாளில் அவர்கள் சேர்ந்தார்கள். மறு ஆண்டு இரு சங்கங்களும் ஒன்றாயின. 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள். வேலைநிறுத்தக்காரர்கள் கூடிய இடமும், இரு தரப்பாருக்கும் சோறு வெந்த இடமும் டெலானோவின் பிலிப்பினோ மண்டபம். தமக்கென்று ஒரு கூடாரம் இருந்ததால்தான் மற்றவரை அவர்களால் உள்ளே அழைக்க முடிந்தது.

வின்னிபெக்கிலிருந்தே ரே பக்டாகன் 1988இல் கனடா நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் பிலிப்பினோ ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதியில் பிலிப்பினோ வாக்குகளை மட்டும் வைத்து வென்றிருக்க முடியாது.

கேள்வி: என் தங்கையும் செவிலியர்தான், கனடா செல்ல ஆயத்தமாகிறாள். புறப்படுமுன் இங்கேயே செய்ய வேண்டியது என்ன?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வேலைக்காக வெளிநாடு செல்லும் பிலிப்பினோக்கள் புறப்படுமுன் வழிகாட்டு வகுப்பில் உட்கார்ந்தே தீர வேண்டும்; 1983 முதல் அது அங்கே கட்டாயம். நமக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லாததால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முகவர் வழியாகச் செல்வதானால் அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை ஒன்றிய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். செவிலியர் உரிமம் கனடாவில் மாகாணந்தோறும் தனித்தனி. கல்லூரியிலிருந்தும் செவிலியர் குழுமத்திலிருந்தும் ஆவணங்கள் பெரும்பாலும் நேரடியாகவே அங்கு போய்ச் சேர வேண்டும். அங்கே போன பிறகு இதற்காகக் கல்லூரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, இங்கே இருக்கும்போதே நேரில் போய்க் கேட்டு முடிப்பது எளிது.

முக்கியமாகப் பெயரைக் கவனியுங்கள். நம் மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். செவிலியர் பதிவுச் சான்றிதழில் கணவர் பெயர் ஏறியிருக்கும். அயல்நாட்டு அலுவலகத்துக்கு இவை மூன்றும் மூன்று பெண்கள். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, நான்கைந்து பிரதிகளோடு கைப்பையில் வைத்து அனுப்புங்கள்; பெட்டியில் வைக்க வேண்டாம்.