கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி: எஃப்டியை உடைப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் சொந்த வீடு, கட்டி 12 வருடம் ஆகிறது. ஷட்டர் போட்ட கார் ஷெட் 400 சதுர அடி. சிமென்ட் தரை பெயர்ந்து தூசி வீட்டுக்குள் வருகிறது, ஆயில் கறையும் போகவில்லை. எபாக்ஸி கோட்டிங்குக்கு (தரையில் ஒட்டி இறுகும் பிசின் பூச்சு) சதுர அடி 120 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்கிறார் காண்ட்ராக்டர். பார்க்கிங் டைல்ஸ் என்றால் கூலியோடு 90 ரூபாய் என்கிறார் கொத்தனார். என் சம்பளம் 62,000. வீட்டுச் செலவு, மகளின் பள்ளிச் செலவு போக மாதம் 8,000 போல மிஞ்சும். 3 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. மகள் அடுத்த ஜூனில் கல்லூரி சேர்கிறாள். காண்ட்ராக்டரே 16 சதவீத வட்டியில் 24 மாத பர்சனல் லோன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, வீட்டு மதிப்பும் கூடும் என்கிறார். கடன் வாங்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. இந்த வேலை எட்டு மாதம் காத்திருக்கலாம். காத்திருந்தால் பணம் மட்டுமல்ல, தரையும் தப்பிக்கும்.

முதலில் கணக்கு. 48,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 8,640 ரூபாயும் சேர்த்து 56,640. இதை 16 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,773 ரூபாய், மொத்த வட்டி 9,900 ரூபாயை ஒட்டி வரும். 2 சதவீதம் பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடித்தால் இன்னொரு 1,300 ரூபாய் சேரும். அந்தப் பணத்துக்கு, ஜிஎஸ்டி சேர்த்தே, கிட்டத்தட்ட 80 சதுர அடி கோட்டிங் அடித்துவிடலாம்.

வரிச்சலுகை என்று சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும். உங்கள் ஆண்டுச் சம்பளம் 7.44 லட்சம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? வீட்டு மதிப்பு கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். வாங்க வருகிறவர் மனையையும் பத்திரத்தையும் கட்டடத்தின் வயதையும் பார்த்துதான் விலை பேசுவார். இதை உங்கள் வசதிக்கான செலவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.

எஃப்டி விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: தொடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு ஆறு மாதச் செலவே அந்த 3 லட்சத்தைத் தாண்டும். ஜூனில் கல்லூரி கட்டணம் வேறு. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் அபராதமும் பிடிப்பார்கள். அதற்குப் பதில் இந்த மாதமே வங்கியில் மாதம் 7,000 ரூபாய் கட்டும் ஓர் ஆர்டி (தொடர் வைப்பு) தொடங்குங்கள். எட்டுத் தவணையில் 56,000, வட்டியோடு 57,000 தாண்டிவிடும்.

இந்த எட்டு மாதத்தில்தான் முக்கியமான சோதனையைச் செய்யப் போகிறீர்கள். எபாக்ஸி உரிவதற்குப் பெரிய காரணம் கீழிருந்து ஏறும் ஈரம். மண் நிரப்பி, மேலே கான்கிரீட் போட்ட தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்காவிட்டால் ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டைத் தரையில் வைத்து நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரித்துப் பாருங்கள். ஷெட்டில் இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது. உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ எபாக்ஸியை மறந்துவிடுங்கள். 36,000 ரூபாயில் பார்க்கிங் டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம். கோடையில் இதே சோதனை செய்தால் தரை உலர்ந்திருப்பதாகக் காட்டி ஏமாற்றும். அதனால்தான் மழைக்காலத்தில் சொல்கிறேன்.

உலர்ந்திருந்தால் மாசியில் வேலையைத் தொடங்கலாம். அப்போதும் 120 ரூபாய் எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். உங்கள் தரை பெயர்கிறது என்றால் மேலே தேய்த்த சிமென்ட் பால் பலமிழந்துவிட்டது. அதன் மேலேயே அடித்தால், எவ்வளவு நல்ல எபாக்ஸியானாலும் அந்தத் தோலோடு சேர்ந்து வந்துவிடும். உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கும். ஓடி வந்த வண்டியின் சூடான டயர் பட்டு நிற்கும் இடத்தில்தான் முதலில் பிய்யும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது போதாது. டைமண்ட் கிரைண்டர் மெஷின் ஓட்டி, ஆயில் கறையையும் எடுத்த பிறகே பிரைமர் (அடிப்பூச்சு) என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

பூச்சின் கனம் எத்தனை மைக்ரான் (1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் வர ஒரு லிட்டர் வேண்டும். ஆக 1 மில்லிமீட்டர் என்று சொல்பவர் 37 லிட்டராவது கொண்டுவர வேண்டும். பத்து லிட்டர் மட்டும் வந்திறங்கினால் கால் மில்லிமீட்டர்தான் கிடைக்கும். தின்னர் அல்லது தண்ணீர் கலந்த ரகம் என்றால் காய்ந்த பிறகு இன்னும் குறையும். டின்கள் சீல் உடைக்காமல் வருகிறதா, தேதி தாண்டவில்லையா என்று நின்று பாருங்கள்.

ஷட்டரைத் திறந்தால் வெயில் விழும் பகுதி மஞ்சளித்துப் போகும். அங்கே பியூ (பாலியூரிதீன்) டாப் கோட், அதாவது மேல்பூச்சு, கேளுங்கள். வண்டி கழுவும் தண்ணீரில் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் வரும் ஆஸ்பத்திரி செலவு இந்த வேலையைவிடப் பெரிது. கடைசிப் பூச்சில் சிலிகா மணல் தூவச் சொல்லுங்கள்.

தூசி மட்டும் நின்றால் போதும், கறை பரவாயில்லை என்றால், இவ்வளவு செலவே வேண்டாம். தரையை இறுக்கித் தூசியை நிறுத்தும் கான்கிரீட் ஹார்டனர் திரவம் அடிக்க என்ன ஆகும் என்று ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், கிரைண்டிங்கும் பிரைமரும் முடிந்ததும் 40 சதவீதம். மீதி 20 சதவீதம், அதாவது 11,328 ரூபாய், வண்டி ஒரு மாதம் நின்று எழுந்த பிறகு. பூச்சு முடிந்து ஒரு வாரம் காரை உள்ளே விடாதீர்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் தராதவருக்கு அந்த 8,640 ரூபாயைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நாளை வாரண்டி கேட்கும்போது கையில் காட்டவும் அந்த பில்தான் வேண்டும்.