முகத்துக்கு நேராக

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசியலைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். தலைவரின் தவறை எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் பகை என்கிறார்கள், சொந்தக் கட்சிக்காரர் சொன்னால் துரோகம் என்கிறார்கள். அப்படியானால் யார்தான் சொல்வது? விசுவாசமும் ஒளிவுமறைவற்ற பேச்சும் ஒரே ஆளிடம் இருந்ததுண்டா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

இருந்ததுண்டு. அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டரைச் சொல்வேன்.

அவரும், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்சனும் ஒரே குடியரசுக் கட்சி, ஆனால் ஒத்துப்போனவர்கள் அல்ல. 1960-இல் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற நிக்சன், கட்சியின் மிதவாதப் பிரிவுத் தலைவரான ராக்ஃபெல்லரோடு சமரசம் செய்துகொண்டபோது கோல்ட்வாட்டர் கடுமையாகச் சாடினார். அப்புறம் அதே தேர்தலில் நிக்சனுக்காக உழைக்கவும் செய்தார். 1964-இல் கோல்ட்வாட்டரே ஜனாதிபதி வேட்பாளர். கட்சிப் பெரியவர்கள் பலர் ஒதுங்கிக்கொள்ள, நிக்சன் ஊர் ஊராகப் போய் அவருக்கு வாக்குக் கேட்டார். கோல்ட்வாட்டர் வென்றது 6 மாநிலங்கள்தான். அந்த உதவியை அவர் மறக்கவில்லை. 1968-இல் நிக்சன் பக்கம் நின்றார்.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் நிக்சனின் ஆட்கள் அத்துமீறி நுழைந்து, அது மூடிமறைக்கப்பட்ட வாட்டர்கேட் விவகாரத்தில் கோல்ட்வாட்டருக்கு முன்பே சந்தேகங்கள் இருந்தன. ஆனால் 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியான வெள்ளை மாளிகை ஒலிநாடாப் பதிவுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. விசாரணையை நிறுத்த சிஐஏவைப் பயன்படுத்த நிக்சன் 1972 ஜூனிலேயே சம்மதித்திருந்தது அதில் இருந்தது. அவரை நம்பிச் சபையில் வாதாடியவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் வலிக்கிறது. கலிஃபோர்னியாவின் சார்ல்ஸ் விக்கின்ஸ் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவில் நிக்சனுக்காக உயிரைக் கொடுத்து வாதாடியவர். அவரே பதவிநீக்கத்துக்கு வாக்களிப்பேன் என்று கலங்கிய குரலில் அறிவிக்க வேண்டிவந்தது. விசுவாசத்தை முறித்தவர் நிக்சன்தான், விக்கின்ஸ் அல்ல.

ஆகஸ்ட் 7 மாலை கோல்ட்வாட்டர், கட்சியின் செனட் தலைவர் ஹியூ ஸ்காட், பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான் ரோட்ஸ் மூவரும் வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். மூவருமே நிக்சனின் கட்சிக்காரர்கள். ராஜினாமா செய்யுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, உபதேசமும் செய்யவில்லை. 100 பேர் கொண்ட செனட்டில் பதவிநீக்கத்திலிருந்து தப்பிக்க 34 வாக்குகள் வேண்டும், உங்களுக்கு 20 கூடத் தேறாது என்பதைச் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரர் இதையே சொல்லியிருந்தால் நிக்சன் மிரட்டல் என்று தள்ளியிருப்பார். பத்து வருடம் தோளோடு தோள் நின்றவர் சொல்லும்போது அப்படித் தள்ள முடியாது.

இன்னும் முன்பே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் போனார் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மறுநாள் இரவு நிக்சன் தொலைக்காட்சியில் ராஜினாமாவை அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தனக்குப் போதுமான ஆதரவு இல்லை என்பது.